பொருள் என்னும் சொல்



சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் நீங்கள் பலமுறை பயணம் செய்திருப்பீர்கள். கிண்டியைக் கடந்ததும் வரும் நிலையத்தின் பெயர்ப் பலகையைப் பாருங்கள். தமிழில் 'பரங்கிமலை' என்றிருக்கும். ஆங்கிலத்தில் 'செயின்ட் தாமஸ் மவுண்ட்' என்றிருக்கும். மலை ஒன்றே, பெயர்கள் இரண்டு. ஒரு பெயர், பரங்கியர் என நம் முன்னோர் அழைத்த ஐரோப்பியரை நினைவூட்டுகிறது. மற்றொரு பெயர் இயேசுநாதரின் சீடராகிய தோமையாரை நினைவூட்டுகிறது.

இப்பொழுது ஒரு சிறு வினா. 'பரங்கிமலை என்பது பரங்கிமலையே' என்று ஒருவர் கூறினால் நாம் புதிதாக எதையும் அறிவதில்லை. 'பரங்கிமலை என்பது செயின்ட் தாமஸ் மவுண்ட்' என்று கூறினாலோ, ஊருக்குப் புதியவர் ஒருவருக்கு அது பயனுள்ள செய்தியாகிறது. இரண்டு வாக்கியங்களும் ஒரே மலையைப் பற்றியவை. அப்படியிருக்க, ஒன்று வெறுஞ்சொல்லாகவும் மற்றொன்று செய்தியாகவும் அமைவது எவ்வாறு?

விளையாட்டாகத் தோன்றும் இவ்வினாவே தற்காலத் தத்துவத்தின் போக்கை மாற்றிய வினாக்களுள் ஒன்று. ஜெர்மனியின் யேனா நகரில் கணிதப் பேராசிரியராக இருந்த கோட்லோப் ஃபிரேகே 1892-ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையில் இதனை எழுப்பினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் வானத்திலே இருந்தது. விடியற்காலையில் கிழக்கே தோன்றும் விடிவெள்ளியும், மாலையில் மேற்கே தோன்றும் அந்திவெள்ளியும் ஒரே கோள்தான். பெயர்கள் சுட்டும் பொருள் ஒன்று. அப்பொருளை அவை நமக்குக் காட்டும் வகை வேறு. ஆகவே ஒரு சொல்லிடத்தில் இரண்டைப் பிரித்துணர வேண்டும் என்றார் ஃபிரேகே: சொல் சுட்டுகின்ற பொருள் ஒன்று, சொல் தருகின்ற கருத்து மற்றொன்று.

இதனைத் தமிழில் விளக்கப் புகும்போது ஓர் இடர்ப்பாடு நேர்கிறது. 'பொருள்' என்றால் நமக்கு உலகில் உள்ள பண்டமும் பொருள்தான், சொல்லின் அர்த்தமும் பொருள்தான், செல்வமும் பொருள்தான். யாவற்றுக்கும் மேலான இறைவனையும் 'பரம்பொருள்' என்கிறோம். ஃபிரேகே பிரிக்க முயன்ற இரண்டையும் நம் மொழி ஒரே சொல்லில் சேர்த்து வைத்திருக்கிறது. இது தமிழுக்குக் குறையன்று. எந்த மொழியிலும் இத்தகைய பிணைப்புகள் உண்டு. அவற்றை அறியாமல் சிந்திக்கப் புகுந்தால், மொழியின் முடிச்சை உலகின் முடிச்சு என்று எண்ணி ஏமாறுவோம். இந்த விழிப்புணர்வுதான் இருபதாம் நூற்றாண்டுத் தத்துவத்தின் தனிச் சிறப்பு.

தத்துவ வரலாற்றை மிகவும் சுருக்கிக் கூறினால், மூன்று வினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக முன்னணிக்கு வந்தன எனலாம். பழங்கால ஞானிகள் 'எது உண்மையில் உள்ளது?' என்று கேட்டனர். பதினேழாம் நூற்றாண்டில் டேக்கார்ட்டும் லாக்கும் 'உள்ளதை நாம் எவ்வாறு அறிகிறோம்?' என்ற வினாவை முதலில் வைத்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 'நாம் சொல்வதன் அர்த்தம்தான் என்ன?' என்ற வினா முந்திக்கொண்டது.

மூன்றாம் வினா முன்னணிக்கு வந்தது கணிதத்தின் வழியாகவே. எண் கணிதத்தின் அடிப்படையைத் தருக்கத்தின்மேல் உறுதியாக நிறுவ ஃபிரேகே விரும்பினார். அன்றாட மொழியின் இலக்கணம் அதற்கு உதவவில்லை. ஆகவே 1879-இல் தருக்கத்துக்கென ஒரு தனிக் குறியீட்டு மொழியையே வகுத்தார். இங்கிலாந்தில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் அதே பணியில் இறங்கினார். 1905-இல் அவர் வெளியிட்ட கட்டுரை ஒன்று புகழ்பெற்றது. அதன் சாரத்தை நம் ஊருக்கு ஏற்பக் கூறுகிறேன். 'தாம்பரத்தின் இன்றைய மன்னர் வழுக்கைத் தலையர்' என்று ஒருவர் சொல்கிறார். தாம்பரத்துக்கு மன்னரே இல்லை. எனினும் அவ்வாக்கியம் நமக்குப் புரிகிறது. இல்லாத ஒருவரைப் பற்றிய பேச்சு எவ்வாறு புரிகிறது? எங்கோ ஒரு நிழலுலகில் அம்மன்னர் இருக்கிறார் என்று கொள்ள வேண்டுமா? வேண்டுவதில்லை என்றார் ரஸ்ஸல். 'தாம்பரத்தின் மன்னராக ஒருவர் இருக்கிறார். ஒருவர் மட்டுமே இருக்கிறார். அவர் வழுக்கைத் தலையர்' என்று வாக்கியத்தைப் பிரித்தெழுதினால், முதற்பகுதியே பொய் என்பது விளங்கிவிடும். நிழலுலக மன்னர் மறைந்துவிடுகிறார். இலக்கணத்தின் தோற்றம் நம்மை எவ்வளவு தூரம் ஏமாற்றக்கூடும் என்பதற்கு இது நல்ல பாடம்.

ரஸ்ஸலின் கட்டுரை வெளிவந்த காலத்தில் நம் சென்னையிலே நிகழ்ந்தவற்றைச் சற்றுக் காண்போம். 1837-இல் தோன்றிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி அந்நாளில் நகரத்தின் நடுவே இருந்தது. தாம்பரத்துக்கு அது இடம்பெயர்ந்தது 1937-இல்தான். அக்கல்லூரியில் அப்போது சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் தத்துவம் பயின்றார். அவருடைய ஆசிரியர்களுள் ஒருவர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக். வேதாந்தத்தின் அறநெறியைப் பற்றி ராதாகிருஷ்ணன் எழுதிய ஆய்வுரை 1908-இல் நூலாக வெளிவந்தது. அந்நாளில் இந்தியக் கல்லூரிகளில் செல்வாக்குப் பெற்றிருந்தது, பிராட்லி போன்ற ஆங்கிலேயக் கருத்துமுதல்வாதிகளின் தத்துவம். 'முழுமுதல் உண்மை யாது?' என்பதே அதன் நாட்டம். வேதாந்தத்தின் பரம்பொருளோடு அதனை இணைத்துக் காண்பது இந்திய மாணவர்க்கு இயல்பாக இருந்தது.

1936-ஆம் ஆண்டில் ராதாகிருஷ்ணன் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் கீழை நாட்டுச் சமயங்களுக்கும் அறநெறிக்குமான பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டில், அதே ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஏயர் என்னும் இருபத்தைந்து வயது இளைஞர் மொழி, மெய்ம்மை, தருக்கம் ஆகியன பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் வியன்னா நகரத்து அறிஞர் வட்டத்தின் கொள்கையைக் கற்றுத் திரும்பியவர். தருக்கத்தாலோ அனுபவத்தாலோ சரிபார்க்க இயலாத வாக்கியம் பொய்யுமன்று, மெய்யுமன்று. அதற்கு அர்த்தமே இல்லை என்பது அக்கொள்கை. பரம்பொருளைப் பற்றிய பேச்சு அனைத்தும் இந்த ஒரே வெட்டில் விழுந்துவிடும். ஒருவர் பரம்பொருளைப் பற்றிக் கற்பிக்க வந்தார். மற்றொருவர், 'அச்சொல்லுக்குப் பொருளே இல்லை' என்றார். ஒரே நகரத்தில், ஒரே ஆண்டில், இரண்டு காலங்கள் எதிரெதிரே நின்றன.

வியன்னாக் கொள்கை நெடுநாள் நிலைக்கவில்லை. 'சரிபார்க்க இயலாதது அர்த்தமற்றது' என்ற வாக்கியத்தை எவ்வாறு சரிபார்ப்பது என்று கேட்டவர்களுக்குத் தக்க விடை கிடைக்கவில்லை. அவ்வட்டத்தினர் தம் வழிகாட்டியாகக் கருதிய லுட்விக் விட்கென்ஸ்டைனோ, அவர்களோடு கூடியிருந்த சில வேளைகளில் தருக்கத்தைப் பற்றிப் பேசாமல் ரவீந்திரநாத் தாகூரின் கவிதைகளை உரக்கப் படித்தாராம்! சொல்ல இயலாதவை உண்டு, அவையே முதன்மையானவை என்பது அவர் உள்ளக்கிடக்கை.

அவர் மறைவுக்குப் பின் 1953-இல் வெளியான நூலில் விட்கென்ஸ்டைன் தம் முந்தைய கொள்கையையே திருத்திக்கொண்டார். சொல் என்பது ஒரு பண்டத்தின்மேல் ஒட்டிய சீட்டு அன்று. மக்கள் வாழ்வில் அது எவ்வாறு வழங்குகிறது என்பதே பெரும்பாலும் அதன் அர்த்தம் என்றார். ரயிலில் ஒருவர் 'தாம்பரம் வந்துவிட்டது' என்கிறார். தாம்பரம் எங்கிருந்தும் வரவில்லை, வந்தவர் நாமே. எனினும் அதைக் கேட்டு எவரும் திகைப்பதில்லை. எல்லோரும் மூட்டைகளை எடுத்துக்கொண்டு எழுகிறார்கள். சொல்லின் அர்த்தம் அங்கே, அந்த எழுச்சியிலே, இருக்கிறது.

இனி நம் நாட்டு மரபைப் பார்ப்போம். சொல்லால் அது குறிக்கும் பொருளையும் அறியலாம், அச்சொல்லையே பொருளாகக் கொண்டும் அறியலாம் என்ற நுட்பத்தைத் தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் குறித்திருக்கிறது. 'தாம்பரம் ஓர் ஊர்' எனும்போது ஊரைப் பேசுகிறோம். 'தாம்பரம் என்பது ஐந்தெழுத்து' எனும்போது சொல்லைப் பேசுகிறோம். இவ்விரண்டையும் குழப்பாதிருக்கத் தற்காலத் தருக்க நூலார் மேற்கோள் குறிகளைக் கையாள்கிறார்கள்.

வடமொழியில் மீமாம்சகர் இவ்வாராய்ச்சியை மிக ஆழமாக நடத்தினர். சொற்கள் தனித்தனியே பொருள் தந்து, பின்னர் வாக்கியமாக இணைகின்றன என்றார் குமாரிலர். வாக்கியத்தில் இணைந்த நிலையிலேயே சொல் பொருள் தருகிறது என்றனர் பிரபாகரர் வழியினர். 'பசுவைக் கொண்டு வா', 'பசுவைக் கட்டு', 'குதிரையைக் கொண்டு வா' என்று பெரியோர் ஏவ, ஏவப்பட்டவர் செய்வதைக் கண்டு குழந்தை மொழி கற்கிறது என்று அவர்கள் காட்டினர். இலக்கண அறிஞராகிய பர்த்ருஹரி இன்னும் ஒரு படி சென்று, வாக்கியமே பிரிக்க முடியாத முழுமை என்றார். சொல்லின் அர்த்தத்தைத் தனியே கேளாதே, வாக்கியத்தின் நடுவே கேள் என்று ஃபிரேகே 1884-இல் எழுதியதையும், கட்டடத் தொழிலாளி ஒருவன் கல்லைக் கொண்டுவரத் தன் உதவியாளனை ஏவும் காட்சியை விட்கென்ஸ்டைன் தம் ஆராய்ச்சியின் தொடக்கப் பகுதியில் காட்டுவதையும் இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த இந்தியக் கொள்கைகளைத் தற்கால மொழித் தத்துவத்தோடு அடுத்தடுத்து வைத்து ஆராயும் நூல் ஒன்று தென் சென்னையிலிருந்தே வெளிவந்தது. அடையாற்றில் கர்னல் ஆல்காட் 1886-இல் நிறுவிய அடையாறு நூலகம், டாக்டர் குஞ்ஞுண்ணி ராஜா இந்தியரின் சொற்பொருட் கொள்கைகளைப் பற்றி எழுதிய ஆங்கில நூலை 1963-இல் பதிப்பித்தது. உலகெங்கும் இத்துறையில் புகுவோர் இன்றும் நாடும் நூல் அது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். 'எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தன' என்று மார்தட்டுவது எளிது, அது சரியாகாது. மீமாம்சகர் சொற்பொருளை ஆராய்ந்தது வேத விதிகளைப் பிழையின்றி உணர்ந்து ஒழுகும்பொருட்டு. ஃபிரேகே ஆராய்ந்தது எண்களின் அடிப்படையைக் காணும்பொருட்டு. வழிகள் சில இடங்களில் சந்திக்கின்றன. புறப்பட்ட இடங்கள் வேறு. சந்திக்கும் இடத்தையும் பிரியும் இடத்தையும் ஒருங்கே காண்பதே ஆராய்ச்சி.

சொல்லை ஆராய்வது வீண் வேலை அன்று என்பதற்குத் தாம்பரத்திலேயே ஒரு சான்று உண்டு. 1938 டிசம்பரில், புதிதாக எழுந்த கல்லூரி வளாகத்தில், உலகக் கிறித்தவச் சமயப்பணி மாநாடு கூடியது. பிற சமயங்களை எவ்வாறு மதிப்பது என்பது அங்கே பெரும் விவாதமாயிற்று. டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் கிறித்தவ வெளிப்பாட்டுக்கும் பிற சமயங்களுக்கும் இடையே ஆழ்ந்த பிளவைக் கண்டார். அவருக்கு மறுமொழி கூறியவர்களுள், ராதாகிருஷ்ணனின் ஆசிரியராகிய ஹாக் குறிப்பிடத்தக்கவர். பிற சமயங்கள் என்னும் அமைப்புகளைப் பற்றிப் பேசுவது ஒன்று. அச்சமயத்தாரின் உள்ளத்தில் வாழும் இறைநம்பிக்கையைப் பற்றிப் பேசுவது மற்றொன்று என்று அவர் பிரித்துக் காட்டினார். ஆங்கிலத்தில் இவ்விரண்டும் ஒரே சொல்லின் பன்மையும் ஒருமையுமே. பன்மை விகுதி ஒன்றைக் கவனிப்பதும் கவனியாமற் போவதும், அயலானின் வழிபாட்டை மதிப்பதா மறுப்பதா என்ற வாழ்க்கை வினாவாக மாறிவிட்டது.

மாணவ நண்பர்களே! உங்களில் பலர் ஆங்கிலத்தில் கற்கிறீர்கள், தமிழில் வாழ்கிறீர்கள். இதனைச் சுமையாக எண்ண வேண்டாம். 1949-இல் கில்பர்ட் ரைல் என்ற ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர், உடல் என்னும் இயந்திரத்துக்குள் மனம் என்னும் ஆவி குடியிருப்பதாக நினைப்பது மொழி தந்த மயக்கம் என்று வாதாடினார். அவருடைய ஆங்கிலச் சொல்லை 'மனம்' என்று மொழிபெயர்த்துவிட்டு, நம் தத்துவங்களும் வீழ்ந்தன என்று முடிவு கட்டலாகாது. சாங்கியத்திலும் வேதாந்தத்திலும் மனம் ஆன்மா அன்று. அது ஒரு கருவி மட்டுமே. எனவே அவ்வாதம் இங்கே எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைப் புதிதாகவே ஆராய வேண்டும். ஒரே மொழி அறிந்தவர் காணத் தவறும் இந்த இடைவெளியை இரு மொழி அறிந்த நீங்கள் நாள்தோறும் கடந்து செல்கிறீர்கள்.

மொழியின் பக்கம் திரும்பியதால் தத்துவம் தன் பெரிய வினாக்களைக் கைவிட்டுவிட்டது என்று சிலர் வருந்துவதுண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. கடவுள் உண்டா, நீதி யாது, மனம் எத்தகையது என்ற வினாக்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றைக் கேட்பதற்கு முன், 'நான் சொல்வது இன்னதென்று எனக்கே தெரியுமா?' என்று ஒருமுறை தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் நேர்மையைத் தத்துவம் கற்றுக்கொண்டது. அந்த நேர்மை தத்துவ மாணவருக்கு மட்டும் உரியதன்று. மேடையில் பேசுவோருக்கும், அதைக் கேட்டுக் கைதட்டும் நமக்கும் அது வேண்டும்.