பதினான்காயிரத்தில் ஒன்று

சென்ற மாதம் ஒலிபரப்பில் இதைப் பேசத் தொடங்கி, பாட்டு நேரம் வந்துவிட்டதால் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

சத்திரசிகிச்சைக்கு முன்னர் வைத்தியசாலையில் ஒரு சம்மதப் படிவத்தை நீட்டுவார்கள். "இதிலை சைன் வையுங்கோ" என்று மகனோ மகளோ இடத்தைக் காட்ட, எங்கள் பெரியவர்களும் வைத்துவிடுவார்கள். படிவத்துக்கு முன்னர் வைத்தியர் இருந்து ஆபத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறாரே, அது அவருடைய நல்ல மனம் மட்டுமல்ல, சட்டக் கடமை. அந்தக் கடமை எவ்வளவு தூரம் போகும் என்பதை இந்த நாட்டில் வரையறுத்தது, எங்கள் மாநிலத்திலேயே பார்வை இழந்த ஒரு பெண்ணின் வழக்கு. சட்டப் புத்தகங்களில் அதன் பெயர் 'ரோஜர்ஸ் எதிர் விட்டேக்கர்'.

திருமதி விட்டேக்கருக்கு ஒன்பது வயதில் வலது கண்ணில் கடுமையான காயம் ஏற்பட்டு, அந்தக் கண் ஏறக்குறையப் பார்வையற்றுப் போனது. இருந்தும் படித்தார், வேலை பார்த்தார், மணமுடித்துப் பிள்ளைகளை வளர்த்தார். காயப்பட்ட மகனைப் பராமரிக்க மூன்று ஆண்டுகள் வீட்டில் இருந்துவிட்டு, மீண்டும் வேலைக்குப் போக எண்ணி 1983இல் கண்ணைச் சோதித்துக்கொண்டார். அங்கிருந்து கண் சத்திரசிகிச்சை நிபுணர் ரோஜர்ஸிடம் அனுப்பப்பட்டார். காயப்பட்ட கண்ணின் தழும்பை அகற்றினால் தோற்றமும் சீராகும், பார்வையும் ஓரளவு திரும்பலாம் என்றார் நிபுணர். 1984 ஆகஸ்ட் முதலாம் திகதி சத்திரசிகிச்சை நடந்தது.

அந்தப் பெண் கேள்விமேல் கேள்வி கேட்டவர். இருக்கிற ஒரே நல்ல கண்ணுக்கு ஏதும் நேர்ந்துவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு. தவறுதலாக அந்தக் கண்ணில் கை வைத்துவிடாமல் அதை மூடிவைக்க முடியாதா என்றுகூடக் கேட்டிருக்கிறார். வலது கண்ணில் செய்யும் சிகிச்சை இடது கண்ணைப் பாதிக்குமா என்று மட்டும் அவர் கேட்கவில்லை. அப்படி ஒன்று உண்டென்று தெரிந்தால்தானே கேட்பதற்கு!

உண்டு. சிம்பதெட்டிக் ஒப்தால்மியா என்பார்கள். ஒரு கண் துளைக்கப்பட்டால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி குழம்பி, மற்றக் கண்ணையும் எதிரியாகக் கருதித் தாக்கும். ஏறக்குறைய 14,000 சத்திரசிகிச்சைகளில் ஒன்றில் வரக்கூடியது. அது அவருக்கு வந்தது. வலது கண்ணும் தேறவில்லை, இடது கண்ணும் போயிற்று.

சத்திரசிகிச்சையில் கைப்பிழை எதுவும் இல்லை என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நட்டஈடு கிடைத்தது சொல்லாமல் விட்டதற்காக மட்டும். தெரிந்திருந்தால் அவர் இந்தச் சிகிச்சைக்கு உடன்பட்டிருக்கமாட்டார் என்று விசாரணை நீதிபதி கண்டார். தொகை 808,564 டொலர் 38 சதம். (அந்த 38 சதத்தை எழுதாமல் விட என் தொழில் இடம்கொடுக்கவில்லை.)

வைத்தியர் தரப்பு மேன்முறையீடு செய்தது. அவர்களுடைய பலம் இங்கிலாந்தின் 1957ஆம் ஆண்டு போலம் தீர்ப்பு. பொறுப்புள்ள வைத்தியர்களில் ஒரு பகுதியினர் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்றால் அது கவனயீனம் ஆகாது என்பது அதன் சாரம். தாங்களும் இந்த ஆபத்தைச் சொல்லியிருக்கமாட்டோம் என்று கண் வைத்தியர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். சொல்லியிருப்போம் என்றவர்களும் இருந்தார்கள். 1992 நவம்பர் 19இல் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தின் ஆறு நீதியரசர்களும் மேன்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார்கள். நோய் என்ன, எப்படிச் சிகிச்சை செய்வது என்பதில் வைத்தியர்களின் வழக்கத்துக்குப் பெரும் மதிப்பு உண்டு. எதைச் சொல்ல வேண்டும் என்பதை அந்த வழக்கம் மட்டும் தீர்மானிக்க முடியாது. அந்த நோயாளியின் இடத்தில் இருப்பவர் எந்த ஆபத்தைப் பொருட்படுத்துவாரோ, அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஆங்கிலத்தில் அவர்கள் பயன்படுத்திய சொல் 'மெட்டீரியல்'. முதன்முதலில் வாசித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கணக்காய்வில் நாங்கள் தினமும் புழங்கும் சொல் அது. ஒரு தொகை சிறிதா பெரிதா என்பது மட்டும் அங்கே கேள்வியல்ல. அதை மறைத்தால் கணக்கை வாசிப்பவரின் முடிவு மாறுமா என்று பார்ப்போம். பதினான்காயிரத்தில் ஒன்று என்பது இரண்டு நல்ல கண் உள்ளவருக்குச் சில்லறை. ஒரு கண்ணோடு இருப்பவருக்கு அதுதான் முழு ஐந்தொகையும்.

சொல்வதால் நோயாளிக்கே தீங்கு நேரும் என்றால் வைத்தியர் சொல்லாமல் விட ஒரு சிறிய விதிவிலக்கை நீதிமன்றம் வைத்திருக்கிறது. அது வைத்தியருக்கான சலுகை. மூத்த மகனுக்கானது அல்ல.

இந்த உரிமை பின்னர் ஒரு புயலையும் தாண்டியது. 2001இல் எச்ஐஎச் காப்புறுதி நிறுவனம் சரிந்தது. அடுத்த ஆண்டு, இந்த மாநில வைத்தியர்களில் பெரும்பாலானோருக்குக் காப்புறுதி வழங்கிய யுனைட்டட் மெடிக்கல் புரொட்டெக்ஷன் தற்காலிகக் கலைப்பாளரிடம் போனது. வைத்தியர்கள் கலங்கினார்கள், அரசாங்கம் அவசரமாக நட்டஈட்டுச் சட்டங்களைச் சுருக்கியது. 2002ஆம் ஆண்டுக் குடியியல் பொறுப்புச் சட்டத்தில் போலம் வாதம் சில மாற்றங்களோடு பின்கதவால் திரும்பி வந்தது. ஆனால் அடுத்த பிரிவிலேயே, ஆபத்தைப் பற்றிய எச்சரிக்கைக்கு அது பொருந்தாது என்று எழுதிவைத்தார்கள். காப்புறுதிக் கணக்குக்காக எத்தனையோ வெட்டப்பட்ட காலத்தில் இதை மட்டும் விட்டுவைத்தது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். இங்கிலாந்து இதே இடத்துக்கு வந்துசேர 2015 ஆயிற்று.

இந்தியாவில் கதை வேறு. டெல்லியில் 1995இல், 44 வயதான சமிரா கோஹ்லி வயிற்றுக்குள் பார்க்கும் லப்பரொஸ்கோப்பிக்குச் சம்மதித்து மயக்கத்தில் இருந்தபோது, வெளியே இருந்த தாயாரிடம் கையொப்பம் வாங்கிக் கருப்பையையும் சூலகங்களையும் அகற்றிவிட்டார்கள். 2008இல் இந்திய உச்ச நீதிமன்றம், எவ்வளவு விளக்க வேண்டும் என்பதில் போலம் பக்கமே நின்றது. ஆனால் புத்தி தெளிவாக உள்ள, வயதுவந்த ஒருவருக்காகத் தாய் சம்மதிக்க முடியாது என்பதில் உறுதியாக இருந்தது. அறுவைக்குரிய கட்டணம் மறுக்கப்பட்டதோடு 25,000 ரூபாய் நட்டஈடும் விதிக்கப்பட்டது. திருமதி விட்டேக்கரின் தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தாய் கையொப்பமிட்டால் போதும் என்று அந்த அறைக்கு வெளியே எல்லோரும் நம்பியது எங்களுக்குப் புதினமா என்ன? "அம்மாவுக்குச் சொல்லவேண்டாம் டொக்டர், பயந்திடுவா" என்று எங்களில் எத்தனை பேர் நடைபாதையில் வைத்து வைத்தியரை மறித்திருக்கிறோம். நானும் மறித்தவன்தான்.

1990களில் என் தாயாருக்குப் பித்தப்பைச் சத்திரசிகிச்சை. வைத்தியர் படம் வரைந்து, இரத்தப்போக்கு, தொற்று, அருகில் உள்ள குழாய் காயப்படும் வாய்ப்பு என்று நிதானமாக விளக்கினார். நான் அம்மா பக்கம் திரும்பி, "ஒண்டும் இல்லை, சின்ன ஒப்பரேசன்தான்" என்றேன். வைத்தியரிடம் "விளங்கிவிட்டது" என்றேன். அம்மா கையொப்பம் வைத்தா. எல்லாம் நலமாகவே முடிந்தது. சில மாதங்களுக்குப் பிறகு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டா: "டொக்டர் அவ்வளவு நேரம் கதைச்சவர், நீ ஒரு வசனம்தானே தம்பி சொன்னனி?"

தொலைபேசி உரைபெயர்ப்புச் சேவை சிட்னியில் 1973இலேயே தொடங்கிவிட்டது. இன்று அதன் இலக்கம் 131 450. பொது வைத்தியசாலைகளில் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேட்டால் கட்டணம் இல்லாமல் ஒழுங்கு செய்வார்கள். சந்திப்பு குறிக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. இவை எனக்குத் தெரியாமல் இருக்கவில்லை. என் தமிழ் இருக்க வேறு ஆள் எதற்கு என்று நினைத்தேன்.

அடுத்த தடவை, இருதயச் சோதனைக்குப் போனபோது, உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று அம்மாவே கேட்டா. ஒரு பெண்பிள்ளை வந்தார். உள்ளே முக்கால் மணித்தியாலம் கதைத்தார்கள். நான் வெளியில் கதிரையில் இருந்தேன்.