நூலில்லாத பட்டம்

பட்டம் விடுவதற்கு நம் நாட்டில் ஊருக்கொரு பருவம் உண்டு. தமிழ்நாட்டில் ஆடிக் காற்று எழும்பியதும் பிள்ளைகள் வெட்டவெளியை நாடி ஓடுவர். ஆமதாபாத்தில் வாழும் நம்மவர் தைப் பொங்கலை ஒட்டி மொட்டைமாடிக்கு ஏறினால், உத்தராயணப் பட்டங்கள் வானத்தை மறைத்திருக்கக் காண்பர். தில்லியில் அந்தக் கோலாகலம் ஆகஸ்டு 15ஆம் நாள். கொல்கத்தாவில் விசுவகர்மா பூசையன்று. எந்த ஊராயினும் காட்சி ஒன்றே: மேலே ஒரு காகிதம், கீழே ஒரு கை, இடையே ஒரு நூல்.

அந்த நூலை அகற்றிவிட்டு, அதன் இடத்தில் வானொலி அலையை வைத்தால் என்ன ஆகும்? நம் வீட்டுப் பெட்டிக்குப் பாட்டையும் பேச்சையும் கொண்டுவரும் அதே இனத்து அலை, கண்ணுக்கெட்டும் தொலைவில் பறக்கும் ஒரு சிறு விமானத்தின் வாலையும் அசைக்க வல்லது. அத்தகைய விமானங்கள் இன்று பெருநகரக் கடைகளில் பெட்டியோடு கிடைக்கின்றன. தந்தையார் வாங்கித் தருகிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகனுடன் மைதானத்துக்குப் போகிறார். வெயில் ஏறுமுன் இருவரும் உடைந்த இறக்கையை ஏந்தித் திரும்புகிறார்கள். பெட்டி பரணுக்குப் போய்விடுகிறது. இது ஏன் நேர்கிறது என்பதற்கு விடை, இக்கலை வளர்ந்த வரலாற்றிலேயே அடங்கியிருக்கிறது. மனிதன் முதலில் சிறு விமானத்தைத் தானாக நிலைத்து மிதக்கச் செய்தான். பின்னர் அதற்கு விசை கொடுத்தான். எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் அதற்குக் கட்டளையிடலானான். நாமோ பெட்டியைத் திறந்தவுடன் கட்டளையிலிருந்து தொடங்குகிறோம்.

1804ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் கெய்லி என்ற கனவான் செய்த சோதனையைப் பாருங்கள். ஏறக்குறைய ஐந்து அடி நீளமுள்ள ஒரு கழி. அதன்மேல் இறக்கையாகப் பொருத்தப்பட்ட ஒரு பட்டம். பின்புறம் சிலுவை வடிவில் ஒரு வால். வாலைத் திருப்பி வைக்கலாம். முன்பகுதியில் உள்ள எடையை நகர்த்தி வைக்கலாம். அவ்வளவே. ஆனால் விமானம் என்ற சொல்லுக்கு இன்று நாம் கொள்ளும் உருவம், முன்னே இறக்கையும் பின்னே வாலுமாக, அந்தக் கழியில் தோன்றிவிட்டது. எடையை நகர்த்தும் ஏற்பாடு அற்பமானதன்று. இதை எழுதுகிறவன் இளமையில் ஒட்டிய முதல் மிதவை விமானம், கைவிட்ட மாத்திரத்தில் தலை நிமிர்ந்து, ஒரு கணம் திகைத்து நின்று, வால் கீழாக விழுந்தது. இறக்கையில்தான் குற்றம் என்றெண்ணி மூன்று இறக்கைகள் செய்து பாழாக்கிய பின்னரே, பெரியவர் ஒருவர் அதன் மூக்கில் ஒரு சிட்டிகைக் களிமண்ணை அப்பினார். பறந்துவிட்டது. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள், விமானத்தின் எடை மையம் அமைய வேண்டும். இரு விரல் நுனிகளில் தாங்கிப் பார்த்தே இதனை அறியலாம். இன்றும் தொடக்கக்காரர் செய்ய வேண்டிய முதற் சோதனை இதுவே.

மிதப்பது ஒன்று, நிலைத்துப் பறப்பது மற்றொன்று. இரண்டாவதன் இரகசியத்தை வெளிப்படுத்தியவர் அல்போன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சு இளைஞர். கடற்படைத் தளபதி ஒருவரின் மகனாகிய அவர், இடுப்பு நோயால் தந்தையின் தொழிலுக்குப் போக இயலாதவர். 1871ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள், பாரிஸ் நகரத்துத் துய்லரி தோட்டத்தில் தம் சிறு விமானத்தைப் பறக்கவிட்டார். அத்தோட்டத்து அரண்மனை அவ்வாண்டு மே மாதக் கலகத்தில் எரிந்து போயிருந்தது. கரிந்த சுவர்களின் அருகே, முறுக்கிய இரப்பர் இழையால் விசிறி சுழல, அந்தப் பொம்மை 11 வினாடிகளில் ஏறக்குறைய 40 மீட்டர் பறந்தது.

அதில் வியப்பு தூரமன்று. வழியில் யாரும் அதனைத் திருத்தவில்லை என்பதே வியப்பு. பெனோ இறக்கையின் நுனிகளை மேல்நோக்கி வளைத்திருந்தார். ஒரு பக்கம் சாய்ந்தால் மீண்டும் சமநிலைக்கு வர அது உதவியது. வாலை இறக்கையினும் தாழ்ந்த கோணத்தில் பொருத்தியிருந்தார். மூக்கு தாழ்ந்து வேகம் கூடினால் வால் கீழே அழுத்தி மூக்கை உயர்த்தும். மூக்கு உயர்ந்து வேகம் குறைந்தால் அவ்வழுத்தம் தளர்ந்து மூக்கு தாழும். ஆள் இல்லாமலே ஒரு நிதானம். பின்னர் அவர் வரைந்த பெரிய விமானத்துக்கான திட்டத்துக்கு ஆதரவு கிடைக்கவில்லை. 1880இல், முப்பதாவது வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருடைய இரப்பர் இழையோ அவரினும் நெடுங்காலம் வாழ்ந்தது. 1878இல் அமெரிக்காவில் மில்டன் ரைட் என்ற பாதிரியார் தம் புதல்வர் இருவருக்கும் வாங்கி வந்த பொம்மை, பெனோவின் அமைப்பைத் தழுவியதே. அப்போது வில்பருக்கு வயது 11, ஆர்வில்லுக்கு 7. பிள்ளைகள் அதைப் போன்று பெரிதாகச் செய்யச் செய்ய, அது பறக்க மறுத்தது. அளவு கூடினால் அதற்கு வேண்டிய விசை அதனினும் பன்மடங்கு கூடும் என்பது அவர்களுக்கு அன்று தெரியவில்லை. பெரிய விமானத்தை வாங்கினால் எளிதில் பறக்கும் என்று நினைக்கும் தந்தையார்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

இனி வானொலிக்கு வருவோம். 1937ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நடந்த சிறு விமானப் போட்டியில் முதன்முறையாக வானொலிக் கட்டுப்பாட்டுக்கு ஒரு பிரிவு ஒதுக்கினர். துணிந்து வந்தவர் மிகச் சிலர். அவர்களுள் வென்றவர் செஸ்டர் லான்சோ. அவர் விமானமே எல்லாவற்றிலும் எடை குறைந்தது, எளியது. அதே காலத்தில் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர், எட்டடி இறக்கை கொண்ட விமானமொன்றை உருவாக்கிக் கொண்டிருந்தனர். வால்ட்டருக்கு விமானம் கட்டுவதில் மோகம், வில்லியமுக்கு வானொலியில். ஒரு வீட்டில் இவ்விரண்டு பித்தும் சேர்ந்தது உலகத்தின் நற்பேறு. ‘கஃப்’ என்று அவர்கள் அழைத்த அவ்விமானம் அடுத்தடுத்த ஆண்டுகளில் போட்டிகளை வென்றது; 1960இல் வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் காட்சிசாலைக்குச் சேர்ந்தது.

அக்காலத்து வானொலிக் கட்டளை எப்படிப்பட்டது என்பதை இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். கீழே இருப்பவரிடம் ஒரேயொரு பொத்தான். அழுத்தினால் அலை போகும், விட்டால் நிற்கும். விமானத்தினுள் முறுக்கிய இரப்பர் இழையொன்று காத்திருக்கும். பெனோவின் விசிறியைச் சுழற்றிய அதே இழை, இங்கே சுக்கானைத் திருப்பும் பணியைப் பெற்றது! பிற்காலத்தில் பலர் கையாண்ட எளிய அமைப்பில், பொத்தானை முதன்முறை அழுத்தினால் சுக்கான் இடப்புறம் திரும்பும், விட்டால் நேராகும், மறுமுறை அழுத்தினால் வலப்புறம், விட்டால் மீண்டும் நேர். ஆகவே கடைசியாக எந்தப் பக்கம் திருப்பினோம் என்பதை மனத்தில் கணக்கு வைத்திருக்க வேண்டும். கணக்குத் தவறியவர் இடம் கேட்டு வலம் பெற்றார். அவ்விமானங்கள் பிழைத்தது எவ்வாறு? பொத்தானைத் தொடாத வேளையெல்லாம் அவை தாமாகவே நிமிர்ந்து பறந்தன. வானொலி அவற்றை ஓட்டவில்லை. அவ்வப்போது ஒரு சொல் சொன்னது.

இந்த ஒரு செய்திக்காகவே இவ்வளவு பழங்கதையையும் கூறினேன். புதிதாகத் தொடங்குகிறவரின் விமானத்தை உடைப்பது பெரும்பாலும் காற்றன்று, அவருடைய கட்டைவிரலே. சிறிது சாய்ந்தவுடன் பதறி எதிர்ப்புறம் முழுவதும் தள்ளுகிறார், அது மறுபுறம் கவிழ்கிறது, மீண்டும் தள்ளுகிறார். இறக்கை உடலுக்கு மேலே அமைந்து, நுனிகள் சற்று உயர்ந்து, மெதுவாகப் பறக்கும் விமானமே கற்பதற்கு உரியது. போர் விமானத்தின் சாயலில் செய்தவை அழகானவை. அவை இரண்டாம் ஆண்டுக்கு. போதிய உயரம் ஏறிய பிறகு விரலை எடுத்துவிட்டு என்ன செய்கிறதென்று பார்க்க வேண்டும். முதல் நாள் பாடம் அதுவே.

1960களில் டிரான்ஸிஸ்டரின் வருகையால் கருவிகள் இலேசாயின. குச்சியை எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவே சுக்கானும் திரும்பும் முறை பரவியது. எஞ்சினோ மெதனாலில் ஓடியது. அதனுடன் மசகாகக் கலந்தது, நம் பாட்டிமார் விளக்குக்கும் வயிற்றுக்கும் வைத்திருந்த ஆமணக்கெண்ணெய். குஜராத்து வயல்களில் மண்டிக் கிடக்கும் அதே ஆமணக்குதான். பறக்கவிட்டுத் திரும்பியவரை வீட்டார் வாசனையாலேயே அறிந்து கொள்வர். அந்நாளில் ஒரே அலைவரிசையில் இருவர் கருவியை முடுக்கினால் ஒருவருடைய விமானம் நிச்சயமாக வீழும். ஆகையால் மைதானத்தில் ஒரு பலகையை நட்டு, அலைவரிசைக்கு ஒன்றாகத் துணிக்கவ்விகளை மாட்டி வைத்தனர். கவ்வி கையில் இருப்பவரே கருவியை முடுக்கலாம். 2000களில் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் பரவிய பின் அந்தப் பலகை மறைந்தது. எஞ்சினுக்குப் பதிலாக மின் மோட்டாரும், பால்சா மரத்துக்குப் பதிலாகத் தெர்மக்கோல் போன்ற நுரைப்பொருளும் வந்தன. விமானத்தைத் தானே நிமிர்த்தும் சிறு கருவிகளும் வந்துவிட்டன. அவை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் பெனோவின் வால் செய்யும் வேலையை மின்கருவியிடம் ஒப்படைப்பவர், அது பழுதுபடும் நாளில் கையறு நிலையில் நிற்பார்.

நம் நாட்டில் இக்கலைக்கு நெடுநாளாக இடமளித்து வந்திருப்பது தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு. அது 1950ஆம் ஆண்டு ஏப்ரலில் அன்றைய பம்பாயிலும் கல்கத்தாவிலும் தொடங்கப்பட்டது. சிறு விமானம் கட்டிப் பறக்கவிடுவது அதன் பயிற்சிகளுள் ஒன்று. பிள்ளைகள் பயிலும் கல்லூரியில் அப்பிரிவு உண்டா என விசாரிப்பது நலம். பழகிய கை ஒன்று அருகில் இருப்பதற்கு ஈடில்லை. இரண்டு கருவிகளை இணைத்து, மாணவன் தடுமாறும்போது ஆசிரியர் கட்டுப்பாட்டைத் தம் கைக்கு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. சட்டத்தையும் மறக்கலாகாது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியான ட்ரோன் விதிகள், ஆளில்லா விமானங்களை எடையால் வகைப்படுத்தி, வான்வெளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்தன. விமான நிலையமோ படைமுகாமோ அருகிலிருந்தால் வீட்டெதிர் மைதானமே தடைப் பகுதியாக இருக்கக்கூடும். பறக்கவிடுமுன் அரசின் வரைபடத்தைப் பார்த்துவிடுக.

ஒரு தடுமாற்றம் மட்டும் எல்லோருக்கும் நேரும். விமானம் நம்மை விட்டு விலகிப் போகும்போது அதன் வலம் நம் வலம். நம்மை நோக்கி வரும்போது அதன் வலம் நம் இடம். அப்போது மூளை குழம்பும். குறுக்குவழி ஒன்றுண்டு: எதிரே வரும் விமானத்தில் எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கமாகவே குச்சியைத் தள்ளுக, தூண் கொடுத்துத் தாங்கினாற்போல் அது நிமிரும்.

2003ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பார்வை பெரிதும் குன்றிய மேனார்டு ஹில் என்ற அமெரிக்க முதியவரும் அவர் தோழர்களும் கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவிலிருந்து ஐந்து கிலோவுக்கும் குறைந்த சிறு விமானம் ஒன்றை அனுப்பினர். வழிகாட்டும் கருவி தன்னுள் இருக்க, அது அட்லாண்டிக் மாகடலைக் கடந்து 3,000 கிலோமீட்டருக்கு மேல் சென்றது. 38 மணி 52 நிமிடம் ஆயிற்று. கடல் மீது இரவும் பகலும் ஒருவரும் அதைத் தொடவில்லை. அயர்லாந்துக் கரையில் தோழர் ஒருவர் வானொலிக் கருவியோடு காத்திருந்தார். இயந்திர ஓசை கேட்டதும் குச்சியைப் பற்றி, கடைசிச் சில நிமிடங்கள் மட்டும் தம் கையால் ஓட்டி, புல்தரையில் இறக்கினார்.