மட்டம் வேறு, தண்ணீர் வேறு

இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

நம் தென்காசிக்காரர்கள் உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும், ஜூன் பிறந்துவிட்டால் இரண்டு செய்திகளைத் தேடுவார்கள். ஒன்று, குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்பது. மற்றொன்று, அணைகளில் எத்தனை அடி இருக்கிறது என்பது. கடனா 85 அடி, ராமநதி 84 அடி, கருப்பாநதி 72 அடி, குண்டாறு 36 அடி, அடவிநயினார் 132 அடி. இவை அணைகளின் முழுக் கொள்ளளவுக்கான மட்டங்கள். இந்த எண்கள் நமக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். குண்டாறு சிறிய அணை, பெரும்பாலும் அதுதான் முதலில் நிரம்பும். "குண்டாறு நிரம்பிட்டாம்" என்றால் சாரல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

சென்ற மாதம் என் பழைய மாணவி ஒருத்தி ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். குடும்பத்தோடு வெளிநாட்டில் மோட்டார் ஹோம் என்ற வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்துச் சுற்றியிருக்கிறாள். படுக்கை, அடுப்படி, குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, கழிவுநீருக்குத் தனித் தொட்டி. எவ்வளவு இருக்கிறது என்று காட்ட வரிசையாகச் சிறு விளக்குகள். கழிவுநீரைத் திறந்துவிட்டுக் காலி செய்த பிறகும் "முக்கால் தொட்டி இருக்கிறது" என்று விளக்கு எரிகிறதாம். "சார், இவ்வளவு பெரிய நாட்டில் இந்தச் சின்ன விஷயம் ஏன் சரியாக வேலை செய்யவில்லை?" என்று கேட்டாள்.

அவளுக்கு எழுதிய பதில் நீண்டுகொண்டே போனது. எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன். விஷயம் சின்னதில்லை. தொட்டிக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று வெளியில் நின்று சொல்ல, மனிதன் ஆயிரம் வருஷத்துக்கும் மேலாகப் பாடுபட்டிருக்கிறான்.

முதலில் நம் குளங்களைப் பார்ப்போம். பாண்டிய நாட்டில் ஆற்றைவிடக் குளத்தை நம்பிப் பிழைத்த ஊர்களே அதிகம். சாத்தூர்ப் பக்கம் எருக்கங்குடியில் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சீமாற சீவல்லப பாண்டியன் காலத்தது. இருப்பைக்குடிக் கிழவன் என்ற தலைவன் குளங்கள் வெட்டுவித்ததை அது சொல்கிறது. வடக்கே உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஏரி வாரியம் என்று ஒரு தனிக் குழு இருந்ததைக் காட்டுகின்றன. குடவோலை முறை என்று வகுப்பில் படித்தீர்களே, அந்தக் கல்வெட்டுகள்தான். ஏரியைக் கவனிப்பதற்கென்றே வருஷா வருஷம் ஆள் தேர்ந்தெடுத்த ஊர் அது.

அந்தக் காலத்தில் குளத்தின் மட்டத்தை எப்படிப் பார்த்தார்கள்? அதற்கென்று தனிக் கருவி தேவைப்படவில்லை. குளத்தின் உறுப்புகளே அளவுகோலாக இருந்தன. கரைக்கு உள்பக்கம் தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும், அவற்றை இணைத்துக் குறுக்குக் கற்கள் இருக்கும். அதுதான் குமிழித் தூம்பு. எந்தக் குறுக்குக் கல் முங்கியிருக்கிறது, எது வெளியே தெரிகிறது என்று கரையில் நின்றே பார்த்துவிடலாம். எத்தனை நாளைக்கு மடை திறக்கலாம் என்பதை நீர்பாய்ச்சுகிறவர் அதை வைத்துச் சொல்லிவிடுவார்.

அடுத்தது மறுகால். மற்ற மாவட்டங்களில் கலிங்கல் என்பார்கள். குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் இடம் அது. பல மறுகால்களின் தலையில் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக நட்டதில்லை. மழைக்காலம் முடிகிற நேரத்தில், இனி பெரிய வெள்ளம் வராது என்று தெரிந்த பிறகு, கற்களுக்கு இடையில் புல்கட்டியும் மண்ணும் வைத்து அடைத்து, இன்னும் ஓர் அடி, இரண்டு அடி தண்ணீரைக் கூடுதலாகத் தேக்குவார்கள். கடைசிப் பாய்ச்சலுக்கு அந்தத் தண்ணீர்தான் உயிர்.

இங்கேதான் சண்டையும் வரும். குளத்துக்குக் கீழே நஞ்சை வைத்திருப்பவருக்கு மட்டம் உயர வேண்டும். குளத்தின் உள்வாயை ஒட்டி நிலம் வைத்திருப்பவருக்கு மட்டம் உயர்ந்தால் பயிர் முங்கும். ராத்திரியோடு ராத்திரியாக அடைப்பைப் பிடுங்கிவிடும் வேலையும் நடக்கும். அதனால் எந்தக் கல் வரைக்கும் அடைக்கலாம் என்பது ஊர் கூடி ஒத்துக்கொண்ட எல்லை. அந்தக் கல் அளவுகோலாகவும் இருந்தது, ஒப்பந்தமாகவும் இருந்தது.

இது நமக்கு மட்டும் உரிய கதையில்லை. எகிப்தில் கெய்ரோ நகரத்தில் ரோடா என்ற தீவு இருக்கிறது. அங்கே கி.பி. 861இல் கட்டிய நீர்மானி இன்றும் நிற்கிறது. ஒரு பெரிய கிணறு, நைல் நதியோடு இணைப்பு, நடுவில் அளவு குறித்த எட்டுப்பட்டைக் கல்தூண். நைல் எத்தனை முழம் ஏறியிருக்கிறது என்று பார்த்து அந்த வருஷத்து வரியைத் தீர்மானித்தார்கள். குறைவாக ஏறினால் பஞ்சம், அளவுக்கு மிஞ்சி ஏறினால் வெள்ளம். ஒரு தூணின் கோட்டில் லட்சக்கணக்கான குடியானவர்களின் தலையெழுத்து இருந்தது.

நம் காலத்திலும் அப்படித்தான். முல்லைப் பெரியாறு அணையை பென்னி குயிக் 1895இல் கட்டி முடித்தார். அதன் மட்டம் 152 அடி. 1979இல் பாதுகாப்புக் காரணம் சொல்லி 136 அடியாகக் குறைத்தார்கள். 2006இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. வழக்கு மறுபடியும் நடந்து, 2014 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அதையே உறுதி செய்தது. தேனி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் விவசாயிகள் ஒரு பக்கம், அணைக்குக் கீழே கேரளத்தில் பயத்தோடு இருக்கும் மக்கள் மறு பக்கம். இரண்டு மாநிலங்கள் சில அடிகளுக்காக இத்தனை வருஷம் வழக்காடியிருக்கின்றன. மறுகால் கல்லில் நடந்த அதே சண்டைதான், அளவு மட்டும் பெரியது.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மட்டம் என்பது தண்ணீரின் உயரம். தண்ணீர் எவ்வளவு என்பது வேறு கணக்கு. மேலே சொன்ன கடனாவையும் ராமநதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். 85 அடி, 84 அடி. ஒரே ஓர் அடிதான் வித்தியாசம். ஆனால் கடனா நிறைந்தால் 352 மில்லியன் கன அடி, ராமநதி நிறைந்தால் 152 மில்லியன் கன அடி. இரண்டு மடங்குக்கும் மேல்! ஒரே உயரமுள்ள அண்டாவையும் குடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

ஒரே அணைக்குள்ளும் எல்லா அடியும் சமமில்லை. 1934இல் திறந்த மேட்டூர் அணையில் 120 அடிக்கு 93.47 டி.எம்.சி. தண்ணீர் நிற்கும். 100 அடிக்குச் சுமார் 65 டி.எம்.சி. மேலே உள்ள 20 அடியில் மட்டும் ஏறக்குறைய 28 டி.எம்.சி. அதாவது உயரத்தில் ஆறில் ஒரு பங்கு, தண்ணீரில் பத்தில் மூன்று பங்கு. மலைப் பள்ளத்தாக்கு மேலே போகப் போக விரிவதுதான் காரணம். "பாதி அடி இருக்கிறது, பாதித் தண்ணீர் இருக்கிறது" என்று நினைத்து நாற்று பாவினால் கதிர் வரும் நேரத்தில் கை விரிக்க வேண்டியதுதான்.

வீட்டுக் கருவிகளிலும் இப்படிச் சூட்சுமங்கள் உண்டு. சில ஊர்களின் மேல்நிலைத் தொட்டிச் சுவரில் எண்கள் எழுதி, ஒரு முள் ஏறி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஒரு மிதவை, அதில் கட்டிய கயிறு மேலே கப்பி வழியாக வெளியே வந்து முள்ளைத் தாங்கும். தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும், வெளியே முள் இறங்கும். தொட்டி நிறைந்தால் முள் அடியில் இருக்கும். விவரம் தெரியாதவர் பார்த்தால் தொட்டி காலி என்பார்!

மாணவியின் வண்டிக்கு வருவோம். அதில் மிதவை கிடையாது. பெரும்பாலான வண்டிகளில் தொட்டியின் பக்கச் சுவரில் கால், அரை, முக்கால் என்றோ மூன்றில் ஒரு பங்கு கணக்கிலோ உலோகக் குமிழ்களைப் பதித்திருப்பார்கள். தண்ணீர் அந்தக் குமிழைத் தொட்டால் அதன் வழியே மிகச் சிறிய மின்சாரம் ஓடும், விளக்கு எரியும். கழிவுநீர்த் தொட்டியில் சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் சுவரில் படிந்து ஈரமாக நிற்கும். தண்ணீர் போன பிறகும் அந்த அழுக்கின் வழியே மின்சாரம் ஓடும். அதனால்தான் காலித் தொட்டி "முக்கால்" என்றது. வண்டியை மேடு பள்ளத்தில் சாய்த்து நிறுத்தினாலும் கணக்கு தப்பும். அரைத் தொட்டிக்கும் முக்கால் தொட்டிக்கும் இடையில் எவ்வளவு இருந்தாலும் அந்த விளக்குக்கு ஒன்றுதான். சுவரைக் கழுவினால் பெரும்பாலும் சரியாகும். குளியலறையில் எத்தனை பேர், எத்தனை வாளி என்று கையால் கணக்கு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது என்று எழுதினேன்.

அவள் தொட்டியில் படிந்த அழுக்கு மாதிரிதான் நம் குளத்தில் படிந்த வண்டல். நம் முன்னோருக்கு இது தெரிந்திருந்தது. குமிழித் தூம்பில் இரண்டு வகைத் துளை வைத்தார்கள். மேலே இருப்பது நீரோடித் துளை, கீழே இருப்பது சேறோடித் துளை. தண்ணீர் போகும்போது சேறும் கொஞ்சம் வெளியேறட்டும் என்ற ஏற்பாடு. அதற்கு மேல் வருஷா வருஷம் ஊர் கூடி வண்டல் அள்ளிக் கரையைப் பலப்படுத்தினார்கள். அதுதான் குடிமராமத்து. 1858இல் ஆங்கிலேய அரசு அதற்குச் சட்டமே போட்டது. ஆனால் கட்டாயத்துக்கு ஊரின் மனம் வரவில்லை, பழக்கம் மெல்லத் தேய்ந்தது. 2017இல் தமிழக அரசு அதே பெயரில் மறுபடியும் தொடங்கியது.

வண்டல் படிந்த குளம் மறுகால் பாய்ந்தால் நாம் கைதட்டுகிறோம். "குளம் பெருகிட்டு" என்று படம் எடுத்துப் போடுகிறோம். மட்டம் அதே கல்லில்தான் நிற்கிறது. ஆனால் தாத்தா காலத்தில் மூன்று மாதம் நின்ற தண்ணீர் அந்தக் கல்லுக்குக் கீழே இப்போது இல்லை. அடியில் மண்ணும் சீமைக்கருவேலமும் இடத்தைப் பிடித்துவிட்டன. அளவுகோல் பொய் சொல்லவில்லை. நாம்தான் அதனிடம் மட்டத்தைக் கேட்டுவிட்டுத் தண்ணீரைத் தெரிந்துகொண்டதாக நினைக்கிறோம்.

மட்டம் சொல்லாத இன்னொன்று, மேலே இருந்து என்ன வருகிறது என்பது. குற்றாலம் பேரருவியில் பாதுகாப்பு வளைவு இருக்கிறதல்லவா, நாம் ஆர்ச் என்போம். தண்ணீர் அதைத் தாண்டி விழுந்தால் குளிக்க விடமாட்டார்கள். நல்ல அடையாளம்தான். ஆனால் ஆர்ச் காட்டுவது இந்த நிமிஷத்தை. மலைமேல் பெய்கிற மழை அதற்குத் தெரியாது. மேலே இருந்து வரும் தண்ணீர் முதலில் பொங்குமாங்கடலில் விழுந்து, அது நிரம்பிப் பொங்கித்தான் கீழே வருகிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் பாய்ந்து 17 வயதுப் பிள்ளை ஒருவன் போய்விட்டான். அது சீசன்கூட ஆரம்பிக்காத மே மாதம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதையும், குளங்கள் உடைந்து ஊர்கள் தீவானதையும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்துக்கு வரத்து. மேல்குளம் உடைந்தால் கீழ்க்குளத்தின் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்து பயனில்லை.

ஆகவே பிள்ளைகளே, சீசனுக்குக் குடும்பத்தோடு வரும்போது இரண்டு காரியம் செய்யுங்கள். அருவிக்கரையில் நிற்கும்போது தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் சேர்ந்து வந்தாலோ, ஆர்ச்சைப் பார்க்காமல் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு உடனே மேலே ஏறுங்கள். காவலர் விசில் ஊதினால் "இன்னும் ஒரு நிமிஷம்" என்று கெஞ்சாதீர்கள்.

இரண்டாவது, உங்கள் ஊர்க் குளத்துக்குப் போய் மறுகால் கல்லைப் பாருங்கள். அங்கே இருக்கும் வயதான விவசாயி ஒருவரிடம், "அய்யா, முந்தி குளம் பெருகினா எத்தனை மாசம் தண்ணி நிக்கும், இப்ப எத்தனை மாசம் நிக்கி?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் அந்த இரண்டு எண்களும் எந்த விளக்கும் காட்டாத அளவு. கேட்டதை ஊர்ப் பெயரோடு எழுதி அனுப்புங்கள், நான் ஒரு நோட்டில் சேர்த்து வைக்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள். வாழ்க வளமுடன்.