மஸ்டர் ரோலை உரக்க வாசித்தவர்கள்: ஜன் சுன்வாய் பிறந்த கதை

நூறு நாள் வேலைக்கான சமூகத் தணிக்கை கிராம சபையில், யார் யாருக்கு எவ்வளவு கூலி என்று ஊர் நடுவே வாசிக்க வேண்டும் என்பது சட்டமாகவே ஆனது. இந்தப் பழக்கம் எந்த அதிகாரியின் மூளையிலும் உதித்ததல்ல. ராஜஸ்தானின் வறண்ட மலைப்பகுதியில், கூலி கேட்டு அலுத்துப்போன மக்கள் உண்டாக்கியது.

1987-இல் தேவ்டுங்ரி என்ற சிற்றூரின் மண்வீடு ஒன்றில் சிலர் குடியேறினார்கள். சென்னையில் பிறந்து, ஐ.ஏ.எஸ். பதவியை 1975-இல் உதறிய அருணா ராய். வெளிநாட்டுப் படிப்பை விட்டு வந்த நிகில் டே. பொம்மலாட்டத்தாலும் பாட்டாலும் எந்தக் கூட்டத்தையும் கட்டிப்போடும் உள்ளூர்க்காரர் சங்கர் சிங். மழை பொய்த்த அந்தச் சீமையில் அரசின் பஞ்ச நிவாரண வேலைதான் பலருக்கு அடுப்பெரிய வழி. ரோடு போட மண் வெட்டுவார்கள். பொறியாளர் வந்து அளப்பார். "நீங்கள் வெட்டியது குறைவு" என்று சொல்லி, குறைந்தபட்சக் கூலியில் பாதியைக் கொடுத்து அனுப்புவார்கள். அளவைக் காட்டுங்கள் என்றால், அது அரசாங்க ரகசியம் என்பார்கள். 1923-ஆம் ஆண்டின் வெள்ளைக்காரச் சட்டம் ஒன்று அதற்குத் துணை நின்றது.

1990 மே 1 அன்று மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற சங்கம் பிறந்தது. உண்ணாவிரதம் இருந்தும் முழுக்கூலி வரவில்லை. வேலைக்காரர்கள் பொய் சொல்கிறார்கள் என்பதற்கு அதிகாரிகளிடம், யார் எத்தனை நாள் வேலை செய்தார், எவ்வளவு கூலி வாங்கினார் என்று எழுதிய மஸ்டர் ரோல் ஏடு இருந்தது; ஏடுதான் பொய் என்பதற்கு இவர்களிடம் எதுவும் இல்லை. சிக்கலின் முடிச்சு அந்த ஏட்டில்தான் இருக்கிறது என்பதை முதலில் கண்டுகொண்டவர்கள் படித்தவர்கள் அல்ல, வேலைக்குப் போய் வந்தவர்கள்.

தணிக்கை அப்போதும் இருந்தது. பில், வவுச்சர், மஸ்டர் ரோல் மூன்றையும் ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். மூன்றையும் எழுதியது ஒரே கூட்டம் என்பதால் கணக்கு ஒருபோதும் இடிக்காது. அந்தக் காகிதத்தில் உள்ள பொய் ஜெய்ப்பூரில் உட்கார்ந்து பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அதில் பெயர் இருக்கிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

1994-இல் அதிகாரி ஒருவர் ஏடுகளைப் பார்க்க அனுமதித்தார். சங்கத்தார் அவற்றை ஊர் ஊராக எடுத்துப் போய், பெயருக்குரியவர்களிடமே விசாரித்தார்கள். டிசம்பர் 2 அன்று, பாலி மாவட்டம் கோட் கிரானாவில் முதல் ஜன் சுன்வாய், அதாவது மக்கள் விசாரணை, கூடியது. பஞ்சாயத்துத் தலைவரான சர்பஞ்சுக்கும் அதிகாரிகளுக்கும் அழைப்பு உண்டு. நடுவராக வெளியாட்கள் சிலர். மைக் யாருக்கும் பொது.

ஒரு பெயர் வாசிக்கப்படும். இன்ன மாதம், இத்தனை நாள் வேலை, இவ்வளவு கூலி. அந்தப் பெயர்க்காரர் எழுந்து, நான் அந்த வேலைப் பக்கமே போகவில்லை என்பார். அடுத்த பெயர் இறந்துபோனவருடையது. அதற்கடுத்தவர் பிழைக்க வெளியூர் போய் வருடக் கணக்காகிறது. முடிந்துவிட்டதாகக் கையெழுத்தாகியிருந்த கட்டடம் கூரையில்லாமல் நின்றது. அதைப் பார்க்க யாரும் பயணம் போக வேண்டியதில்லை. ஊருக்கே தெரிந்த கட்டடம். நல்ல புலனாய்வு நிருபர் ஒருவர் மாதக் கணக்கில் செய்யும் வேலை இது. காகிதத்தையும் சாட்சியையும் எதிரெதிரே நிறுத்துவது. இங்கே அதை ஊரே ஒரு பகலில் செய்து முடித்தது.

அடுத்தடுத்து பீம், விஜய்புரா, ஜவாஜா என்று கூட்டங்கள் நடந்தன. பஞ்சாயத்துக் கணக்கை வைத்திருக்கும் கிராம சேவகர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அரசுத் தணிக்கைக்குக் கணக்குக் காட்டுவோம், ஊராருக்குக் காட்ட மாட்டோம் என்பது அவர்கள் வாதம். பயம் எங்கே இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

1995 ஏப்ரலில் முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத், பஞ்சாயத்துக் கணக்கின் நகலை யாரும் பெறலாம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். ஒரு வருடம் கழித்து வந்த ஆணையோ, ஏட்டைப் பார்க்கலாம், கையால் குறிப்பெடுக்கலாம், ஜெராக்ஸ் கிடையாது என்றது. அந்த ஜெராக்ஸுக்காகத்தான் 1996 ஏப்ரல் 6 முதல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. கிராமங்களிலிருந்து தானியம் வந்தது. சந்தைக்காரர்கள் காய்கறி கொடுத்தார்கள். கையால் எழுதிய குறிப்பை எந்த அதிகாரியும் மறுத்துவிடலாம், முத்திரை வைத்த நகலை மறுக்க முடியாது. கூலிக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்திருந்தது. 'ஜன்சத்தா' இதழின் பிரபாஷ் ஜோஷி போன்ற பத்திரிகையாளர்கள் அங்கே வந்து சேர்ந்துகொண்டார்கள். அதே ஆண்டு, நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையிலிருந்த பிரஸ் கவுன்சில் தகவல் உரிமைக்கு ஒரு மசோதா வரைந்தது.

முதல் மாநிலச் சட்டத்தை இயற்றியது தமிழ்நாடு, 1997-இல். விலக்குகள் மிகுந்த மெலிந்த சட்டம் அது. ராஜஸ்தான் 2000-இல்; நாடு முழுமைக்கும் 2005-இல். அதே ஆண்டு வந்த வேலை உறுதிச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, கோட் கிரானாவில் நடந்ததைச் சமூகத் தணிக்கை என்ற பெயரில் எல்லாக் கிராம சபைக்கும் கடமையாக்கியது.

சட்டம் எழுதாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. சர்பஞ்ச் எதிரே உட்கார்ந்திருக்க, தன் பெயர் வாசிக்கப்பட்டதும் எழுந்து இல்லை என்று சொன்னவர், மறுவாரம் வேலை கேட்டு நிற்கவேண்டியதும் அந்தச் சர்பஞ்ச் வாசலில்தான். சங்கமாகப் பத்துப் பேர் கூட இருந்ததால் அன்று அவர்கள் எழுந்தார்கள். நம் கிராம சபைகளில் எழுகிறவர் பக்கத்தில் இன்று யார் இருக்கிறார்கள்?