எல்லிஸ் தீவில் யாரும் பெயரை மாற்றவில்லை

மினசோட்டாவில் மகன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் சம்பந்தி அம்மாவிடம் ஒரு கதை கேட்பேன். அவருடைய கொள்ளுத்தாத்தா நார்வேயில் பெரிய பண்ணைக்காரர் வீட்டுப் பிள்ளை. கப்பலேறி வந்து எல்லிஸ் தீவில் இறங்கினார். அங்கிருந்த குமாஸ்தாவுக்கு அவர் பெயர் வாயில் நுழையவில்லை. பாதியை வெட்டிவிட்டு மீதியை எழுதிக் கொடுத்தான். அந்த மிச்சம்தான் இன்று அவர்களுடைய குடும்பப் பெயர்.

கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் வீட்டுப் பைபிளின் முதல் பக்கத்தில் கொள்ளுத்தாத்தா வந்த வருஷம் 1869 என்று மையில் எழுதியிருக்கிறது. எல்லிஸ் தீவு குடியேற்ற நிலையமாகத் திறக்கப்பட்டது 1892இல். இருபத்துமூன்று வருஷம் கழித்து வரப்போகிற குமாஸ்தா எப்படிப் பெயரை வெட்டியிருக்க முடியும்?

நான் சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருஷம் வில்லங்கம் பார்த்தவன். இரண்டு தேதி ஒத்துப்போகவில்லை என்றால் எனக்குத் தூக்கம் வராது. "நான் தேடிப் பார்க்கட்டுமா?" என்றேன். "தாராளமா" என்றார் சம்பந்தி அம்மா. அவரை இங்கே வெறுமனே கொள்ளுத்தாத்தா என்று எழுதிக்கொண்டிருந்தால் குழப்பம் வரும். ஓலே என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காலத்து நார்வேயில் தடுக்கி விழுந்தால் ஒரு ஓலே மேல்தான் விழவேண்டும்.

முதலில் அந்தக் குமாஸ்தாவை விடுதலை செய்துவிடலாம். எல்லிஸ் தீவில்கூடப் பெயர்ப் பட்டியலை அங்கே எழுதவில்லை. புறப்படும் துறைமுகத்திலேயே கப்பல் கம்பெனிக்காரர்கள் எழுதி அனுப்பிவிடுவார்கள். தீவிலிருந்த அதிகாரி அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஆளைக் கூப்பிட்டுச் சரிபார்ப்பார், அவ்வளவுதான்.

பிறகு யார்தான் மாற்றியது? இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கர்களுக்குக் கஷ்டம். நமக்கு ஐந்து நிமிஷம் போதும். அன்றைய நார்வே கிராமத்தானுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ஓலேவின் அப்பா யோஹான்னஸ் என்றால் அவன் ஓலே யோஹான்னசென், அதாவது யோஹான்னஸ் மகன். தங்கை இருந்தால் யோஹான்னஸ்தத்தர், மகள். ஓலேவின் மகன் ஓல்சென் ஆகிவிடுவான். நம்முடைய இனிஷியல் மாதிரி, ஒரு தலைமுறையோடு சரி. பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் அப்பா பெயரோடேயே சாகிறவரை இருந்தார்கள். இதற்குப் பின்னால் குடியிருக்கும் பண்ணையின் பெயர் வரும். பண்ணை மாறினால் அந்த வாலும் மாறும். எல்லாரும் ஒரே குடும்பப் பெயரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று நார்வே சட்டம் போட்டதே 1923இல்தான்.

என் கதையும் அதுதானே. என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம். மகனுக்கு நான் சர்நேம். மினியாபொலிஸில் என் பேத்தியின் பள்ளி நோட்டில் என் பெயர் கடைசியில் நிற்கிறது. அவள் டீச்சர் மகனுக்குக் கடிதம் எழுதினால் 'மிஸ்டர்' போட்டு என் பெயரைத்தான் எழுதுகிறார். யாரும் எதையும் வெட்டவில்லை. படிவத்தில் இரண்டு கட்டம் இருந்தது, நிரப்பினோம்.

தேடலுக்கு வருகிறேன். நார்வே ஆவணங்களில் இறங்குவதற்கு முன்னால் எந்த வட்டாரம் என்று தெரிய வேண்டும். வெறும் 'நார்வே' என்று வைத்துக்கொண்டு ஓலேவைத் தேடுவது, தமிழ்நாடு என்று வைத்துக்கொண்டு முருகனைத் தேடுவது போல. அதைக் கொடுத்தது மினசோட்டாவின் ஒரு லூத்தரன் தேவாலயப் பதிவேடு. அமெரிக்க அரசாங்கக் காகிதங்கள் 'நார்வே' என்று எழுதி நிறுத்திக்கொண்ட இடத்தில், பாதிரியார் நார்வேஜிய மொழியில் பிறந்த தேதியையும் பங்கையும் எழுதி வைத்திருந்தார். அதே புத்தகத்தில் இன்னும் இரண்டு ஓலே ஜான்சன்கள். ஒருவர் கடிதம் இன்னொருவருக்குப் போயிருக்கும். இப்படிப்பட்ட ஊர்களில்தான் ஆட்கள் அப்பா பெயரை விட்டுவிட்டுப் பழைய பண்ணைப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். நம் ஓலேவும் அதைத்தான் செய்திருக்கிறார். ஆங்கிலத்தில் இல்லாத எழுத்து ஒன்று உதிர்ந்தது, ஒன்று உருமாறியது. முதல் குடியுரிமைக் காகிதத்தில் ஒரு ஸ்பெல்லிங், நிலப் பத்திரத்தில் இன்னொன்று. அமெரிக்காவின் துணை ஜனாதிபதியாக இருந்த வால்ட்டர் மான்டேலின் முன்னோர் வந்த இடம் முன்டால். அதுவும் இதே ரகம்தான்.

நார்வேயின் தேவாலயப் பதிவேடுகளும் மக்கள்தொகைக் கணக்குகளும் டிஜிட்டலார்கிவே என்ற அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய கோதிக் கையெழுத்து கண்ணைப் பிடுங்கும். ஆனால் நம் கிராமக் கணக்குப்பிள்ளைகளின் எழுத்தைப் படித்தவனுக்கு அது ஒரு பெரிய விஷயமில்லை. 1865 கணக்கெடுப்பில் ஓலே கிடைத்தான். வயது பதினாறு. அந்தப் பெரிய பண்ணையில்தான் இருந்தான், வேலைக்காரப் பையனாக. அவன் அம்மா சற்றுத் தள்ளி, அதே பண்ணைக்கு அடங்கிய ஒரு குடிசையில். பண்ணைப் பெயரோடு 'எயி' என்று ஒரு சொல் ஒட்டியிருந்தால், அது உரிமையாளர் வீடு இல்லை, ஹுஸ்மன் என்கிற குடியானவர்களின் இடம். வேலை செய்துகொடுத்து, அதற்கு ஈடாகக் குடியிருக்கிறவர்கள். அந்தக் கணக்கெடுப்பில் மாடு கன்றையும் எண்ணியிருக்கிறார்கள். ஒரு பசு, மூன்று செம்மறி ஆடு, விதைத்த கொஞ்சம் உருளைக்கிழங்கு.

பிறகு ஞானஸ்நானப் பதிவு. குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சொல்: 'உயெக்தெ'. திருமணத்துக்குப் புறம்பாகப் பிறந்தது. யோஹான்னஸ் என்பது தாய் சொன்ன தகப்பன் பெயர். அந்த ஆள் வேறொருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டதும் அதே புத்தகத்தில் சில பக்கம் தள்ளி இருந்தது.

லேப்டாப்பை மூடிவிட்டேன். வில்லங்கம் பார்க்கிறவன் வில்லங்கம் கண்டால் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் இது எழுபது வயது அம்மாளின் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் கதை. இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.

மூன்றாம் நாள் மகன் செயின்ட் பால் நகரத்துக்குக் கூட்டிப்போனான். சட்டமன்றத்தின் முன்னால் நூட் நெல்சனின் சிலை. நார்வேயில் எவாங்கர் என்ற ஊரில் 1843இல், கல்யாணமாகாத தாய்க்குப் பிறந்தவர். ஆறு வயதில் தாயோடு அமெரிக்கா வந்தார். அவள் நில்ஸ் என்பவரைக் கட்டிக்கொள்ள, பையன் நெல்சன் ஆனான். 1893இல் மினசோட்டா கவர்னர், பிறகு 1923இல் சாகும்வரை செனட்டர். அந்த நினைவுச் சின்னத்தில் ஒரு பக்கம், ஒரு தாயும் சிறுபிள்ளையும்.

அன்று சாயங்காலம் சம்பந்தி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பண்ணை உங்களுடையது இல்லை, அவர் அங்கே வேலை பார்த்தார். ஆனால் பொய்யும் சொல்லவில்லை. அந்த ஊர் வழக்கப்படி பண்ணையில் குடியிருந்தவர் எவரும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். அது விலாசம். உடைமை என்று நினைத்துக்கொண்டது பிறகு வந்தவர்கள். அப்புறம் அந்தச் சொல்லையும் காட்டினேன்.

அவர் நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்கே அவருக்கு எவ்வளவு நிலம் இருந்தது?" என்று கேட்டார்.

"160 ஏக்கர். ஹோம்ஸ்டெட் சட்டத்தில் வாங்கியது."

"அந்தப் பண்ணை?"

அளவு எனக்குத் தெரியாது என்றேன். ஆனால் நார்வேயில் உழக்கூடிய நிலமே நூற்றுக்கு மூன்று பங்குதான், அந்தப் பெரிய பண்ணையும் இவ்வளவு இருந்திருக்காது. அவர் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அந்தம்மா பேரு என்ன?" என்றார்.

படித்துச் சொன்னேன். அவளுடைய அப்பா பெயரோடு, தத்தர் சேர்த்து. எழுந்துபோய் பைபிளை எடுத்து வந்தார். ஓலேவின் பெயருக்கு மேலே கொஞ்சம் இடம் இருந்தது. ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்லி எழுதினார். நடுவில் வரும் கோடு போட்ட 'ஓ'வுக்கு, "இதை எப்படிப் போடறது?" என்று நிறுத்தினார். திரையில் பெரிதாக்கிக் காட்டினேன்.