நாம் ஜூன் பைக்: பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளால் ஆன சிற்பங்கள்

நாம் ஜூன் பைக் (1932–2006) பழைய தொலைக்காட்சி, வானொலிப் பெட்டிகளைக் கொண்டு சிற்பங்கள் செய்த கொரியக் கலைஞர். காணொளிக் கலையின் தந்தை என்று போற்றப்படுபவர். சியோலில் பிறந்த இவர், கொரியப் போர் மூண்ட 1950ஆம் ஆண்டில் குடும்பத்துடன் நாட்டை விட்டு வெளியேறினார். தோக்கியோ பல்கலைக்கழகத்தில் 1956இல் பட்டம் பெற்று, மேலும் இசை பயில ஜெர்மனி சென்றார். அங்கு வுப்பர்டால் நகரில் 1963இல் நடத்திய கண்காட்சியில், உள்ளமைப்பு மாற்றப்பட்ட தொலைக்காட்சிப் பெட்டிகளைக் காட்சிக்கு வைத்தார்.

காந்தமும் படமும்

பழைய தொலைக்காட்சியின் படக்குழாயில் எலக்ட்ரான் கற்றை ஒன்று வரிவரியாக ஓடிப் படத்தை உருவாக்குகிறது. காந்தத்தை அருகில் கொண்டுவந்தால் கற்றை விலகும். பள்ளி இயற்பியலில் படிக்கும் இந்த உண்மையே 1965இல் பைக் செய்த ‘காந்தத் தொலைக்காட்சி’க்கு அடிப்படை. பெட்டியின் மேல் பெரிய லாடக் காந்தம் ஒன்றை வைத்தார். திரையில் வளைந்து நெளியும் ஒளிக்கோலம் தோன்றியது. காந்தத்தை நகர்த்தினால் கோலமும் மாறியது.

இயந்திர மனிதர்கள்

ஜப்பானியப் பொறியாளர் ஷுயா அபேயின் உதவியுடன் 1964இல் ‘கே-456’ என்ற இயந்திர மனிதனைச் செய்தார். மோட்சார்ட்டின் பியானோ இசைப்படைப்பு ஒன்றின் பட்டியல் எண்ணே அதன் பெயர். அது நடந்தது, பதிவுசெய்த உரையை ஒலிபரப்பியது, உணவு செரித்ததுபோல அவரை விதைகளைக் கழித்தது! 1982இல் நியூயார்க் தெருவில் அதைக் கார் மோதுவதுபோல ஒரு நிகழ்ச்சியையும் பைக் நடத்தினார்.

1986இல் ‘இயந்திர மனிதக் குடும்பம்’ உருவானது. தாத்தா, பாட்டியின் உடல்கள் பழங்கால வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகளால் ஆனவை. பிள்ளைகளுக்குப் பிற்காலப் பெட்டிகள். உறுப்பினரின் வயதைப் பெட்டியின் வயதே சொல்லிவிடும்.

முதுமை அடையும் சிற்பம்

சியோல் ஒலிம்பிக் நடந்த 1988இல், கொரியாவின் குவாச்சியோன் நகரிலுள்ள தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 18.5 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்றை எழுப்பினார். அதில் 1003 தொலைக்காட்சித் திரைகள் இருந்தன. அந்த எண் அக்டோபர் 3, கொரிய தேசம் தோன்றிய நாளைக் குறிக்கும்.

கல்லும் வெண்கலமும் நெடுங்காலம் நிற்கும். படக்குழாய்க்கோ ஆயுள் குறைவு. 2003இல் திரைகள் மாற்றப்பட்டன. அவையும் பழுதாகவே, பாதுகாப்புக் கருதி 2018இல் கோபுரம் நிறுத்தப்பட்டது. அனைத்தையும் தட்டைத் திரைகளாக மாற்றுவது எளிது. ஆனால் புடைத்த கண்ணாடியும் கனத்த பெட்டியும் போய்விட்டால் அது பைக்கின் சிற்பமாக இருக்குமா என்ற கேள்வி எழுந்தது. முடிவில் 737 படக்குழாய்த் திரைகள் பழுது நீக்கியும், பயன்படுத்திய பழைய பெட்டிகளைத் தேடிப் பொருத்தியும் காக்கப்பட்டன. மேற்பகுதியிலிருந்த 266 சிறு திரைகள் மட்டும் எல்.சி.டி. திரைகளாயின. 2022 செப்டம்பரில் கோபுரம் மீண்டும் ஒளிர்ந்தது.

வீடுகளில் வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட பழைய பெட்டிகளே இன்று இச்சிற்பத்தின் உயிரைக் காக்கும் மாற்று உறுப்புகள்.