மீசான் கல்லும் நிக்காஹ் தப்தரும்

பாட்டனார் பெயரைக் கேட்டால் நம் வீட்டுப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். பாட்டனாருக்குப் பாட்டனார் யார் என்று கேட்டால் பெரியவர்களே சற்று யோசிப்பார்கள். தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வரும் குடும்பப் பெயர் நம்மில் பலருக்குக் கிடையாது. தந்தையின் பெயர் முன்னால் நிற்கும். அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். போதாக்குறைக்குப் பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் வேறு. ஒரே வீட்டில் மூன்று மைதீன்கள் இருப்பார்கள். ஏட்டில் கண்ட மைதீன் எந்த மைதீன் என்று தீர்மானிப்பதிலேயே தேடலின் பாதி உழைப்பு போய்விடும்.

இதற்கு மேல் குமாஸ்தாக்களின் கைவண்ணம். ஆங்கிலத்தில் எழுதியவர் தம் காதில் விழுந்தபடி எழுதினார். மைதீன் ஒரு தாளில் மைடின், இன்னொன்றில் மொஹிதீன், மற்றொன்றில் மொய்தீன். மரைக்காயர் பினாங்கில் மெரிக்கன் ஆனார். கம்பெனி காலத்து ஆவணங்களில் நம்மவர் அனைவருக்கும் ‘சூலியா’ என்பது பொதுப்பெயர். ஆகவே எழுத்துக்கூட்டலை மட்டும் நம்பித் தேடுவது வீண். தந்தை பெயர், ஊர், தொழில், குடியிருந்த தெரு ஆகிய நான்கில் மூன்றாவது ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரில் பிறப்பு, இறப்புப் பதிவுகள் 1872 முதல் இருக்கின்றன. முஸ்லிம் திருமணங்களைப் பதிவு செய்வதற்கான சட்டம் 1880இல் வந்தது. இவற்றைவிட எனக்குப் பிடித்தவை பழைய தமிழ் ஏடுகள்தாம். 1887இல் தொடங்கிய ‘சிங்கை நேசன்’, 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ ஆகியவற்றின் பழைய இதழ்களைத் தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் காணலாம். பெயர் தமிழிலேயே அச்சாகியிருப்பதால் குமாஸ்தாவின் குழப்பம் அங்கே இல்லை.

கபர்களைத் தேடி இங்கே நெடுநாள் அலைய முடியாது. பிடாடாரி அடக்கஸ்தலத்தின் முஸ்லிம் பகுதி 1910இல் திறக்கப்பட்டு 1972இல் மூடப்பட்டது. 2001 முதல் 2006 வரை அங்கிருந்த ஏறத்தாழ 68,000 முஸ்லிம் கபர்கள் தோண்டப்பட்டு, எச்சங்கள் சுவா சூ காங்கிற்கு மாற்றப்பட்டன. 1998இல் வந்த விதிப்படி இப்போது ஒரு கபருக்குப் பதினைந்து ஆண்டுகள்தான். நிலம் குறைந்த நாட்டில் வேறு வழியில்லை என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் கல்லைப் பார்த்துப் பெயர் படிக்கலாம் என்று காத்திருந்த குடும்பங்களுக்கு அந்த வாய்ப்பு போய்விட்டது. மலேசியக் கிராமத்து மையவாடிகளில் இன்னும் கொஞ்சம் மிச்சம் உண்டு. மலாய்க்காரர்களோடு சேர்த்து அடக்கப்பட்ட நம்மவர்களுக்கும் பல இடங்களில் மலாய் முறையிலேயே கல் நட்டார்கள். அந்த முறையில் உருண்ட கல் ஆணுக்கு, தட்டைக் கல் பெண்ணுக்கு. எழுத்து அழிந்திருந்தாலும் இதை வைத்து ஆணா பெண்ணா என்றாவது அறியலாம்.

அதற்கு மேல் போக வேண்டுமானால் ஊருக்குத்தான் போக வேண்டும். காயல்பட்டினம் போன்ற கடற்கரைப் பட்டினங்களில் பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய அரபு எழுத்துக் கற்கள் உள்ளன. வணிகர்களுக்குக் கல்வெட்ட வசதி இருந்தது. என் முன்னோர் கடையநல்லூர் நெசவாளர்கள். கைத்தறி நலிந்து பிழைப்புக்காகக் கப்பலேறித் தஞ்சோங் பகாரில் குடியேறியவர்கள். பிற ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் ஆண்களாகத் தனியே வந்த காலத்திலேயே கடையநல்லூர்க்காரர்கள் பலர் மனைவி மக்களோடு வந்தார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள். அப்படிப்பட்ட குடும்பங்களின் மீசான் கல்லில் எழுத்து இருக்காது. தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று, அவ்வளவுதான்.

மசாலா அரைத்த அந்தப் பெண்களில் என் பாட்டியாரும் ஒருவர். அவர் தகப்பனாரைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. துப்பு கிடைத்தது ஊர்ப் பள்ளிவாசலின் நிக்காஹ் தப்தரில். பத்திரங்களில் ஆண்கள் பெயர்தான் மிகுதி. நிக்காஹ் தப்தரில் மணமகளின் பெயர் கட்டாயம் வேண்டும். மஹர் எவ்வளவு, வலி யார், சாட்சிகள் யார் என்பனவும் இருக்கும். பெண் வழி தேடுகிறவர்களுக்கு இதற்கு நிகரான ஏடு இல்லை என்பது என் கருத்து.

பாட்டியாரின் பதிவில் ஹிஜ்ரி 1345 என்று இருந்தது. 1926 ஜூலையில் தொடங்கி 1927 ஜூன் கடைசியில் முடிந்த ஆண்டு அது. (ஹிஜ்ரி ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாட்கள்தான், ஹிஜ்ரிக் கணக்கில் அறுபத்தைந்து வயது என்றால் ஆங்கிலக் கணக்கில் அறுபத்து மூன்று.) திருநெல்வேலிச் சீமைப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டும் வரும், அதோடு 824 அல்லது 825ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும்.

அந்தப் பதிவில் வலியாகப் பாட்டியாரின் தகப்பனார் இல்லை. சிறிய தகப்பனார் கையெழுத்திட்டிருந்தார். தகப்பனார் அதற்கு முன்பே காலமாகியிருக்கலாம். நம் ஊர்களில் இன்னொரு காரணமும் உண்டு: தகப்பனார் கப்பலேறியிருந்தால் தம் சார்பில் ஒருவரை வக்கீலாக ஏற்படுத்துவார். அப்படியென்றால் தப்தரில் வக்கீல் என்று குறித்திருப்பார்கள். இங்கே வலி என்றே இருந்தது. பிறகு ஒரு பழைய கிரயப் பத்திரத்தில், கொல்லம் 1101இல், அதே சிறிய தகப்பனார் ‘காலஞ்சென்ற’ அண்ணன் பங்கைப் பிரித்து விற்றது தெரிய வந்தது. இரண்டு தாள்களும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லின.

ஊருக்குப் போகிறவர்கள் தப்தரின் பக்கங்களை ஜமாஅத்தாரின் அனுமதியோடு படம் எடுங்கள். மங்கிய எழுத்துள்ள கல்லைக் காலை வெயில் சாய்வாக விழும்போது படம் எடுங்கள். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. சுண்ணாம்போ மாவோ தடவ வேண்டாம், கல் கெடும். எந்தக் கபர் பள்ளிச் சுவரிலிருந்து எத்தனை அடி, யார் காட்டினார் என்பதையும் எழுதி வையுங்கள். நம் சங்கத்தின் பழைய சந்தாப் புத்தகங்களிலும் ஊர்ப் பெயரும் வாரிசு பெயரும் இருக்கும். அவற்றையும் புரட்டிப் பாருங்கள்.

பாட்டியாரின் தகப்பனார் கபர், மையவாடியின் கீழ்க்கோடியில் வேப்பமரத்துக்குத் தெற்கே மூன்றாவது. அந்த இடத்தை எனக்குக் காட்டிய மோதினாருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவருக்கு அதைக் காட்டியவர் அவருடைய தகப்பனார்.